எஸ்தர் அக்கா அறுத்த நாற்காலி

ஞாயிற்றுக்கிழமை காலை, செங்கல்பட்டு வீட்டின் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. எஸ்தர் அக்காவின் கணவர் செல்வராஜ் அண்ணன் பேசினார். அவர் எப்போது பேசினாலும் பின்னால் அக்காவின் குரல் கேட்கும். என்ன சொல்ல வேண்டும், எதை விட்டுவிட்டார் என்று எடுத்துக்கொடுத்துக்கொண்டே இருப்பார். அன்று பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அண்ணன் சொல்வதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

முந்தின நாள் மதியம், யாரோ கழற்றி எறிந்த அலமாரிக் கதவு ஒன்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, நெஞ்சு என்னவோ செய்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கதவை வெயிலிலேயே போட்டுவிட்டு வந்துவிட்டோமே, விரிசல் விடுமே என்று கவலைப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை.

"அவ கவலய பாத்தியா தங்கச்சி" என்று சொல்லி அண்ணன் சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே அழுதார். நானும் அப்படித்தான்.

அலுவலக நண்பர்கள் அக்காவைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுதுவது கொஞ்சம் சுலபம். கொள்முதல் பிரிவில் தட்டச்சராக இருந்த எஸ்தர் அக்காவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனவர்களில் பாதிப் பேர், நீங்களே தூக்கிப்போட்ட பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிட்டிருக்கிறீர்கள். சங்கடப்படுவீர்களே என்று அக்கா சொல்லவில்லை. இனிமேல் சொல்லலாம்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அப்போது மாதம் தவறாமல் யாராவது வீடு காலி செய்துகொண்டிருப்பார்கள். மாற்றல், ஓய்வு, பெரிய குவார்ட்டர்ஸ் என்று ஏதாவது ஒரு காரணம். லாரியில் ஏற்றியது போக மிஞ்சியது குப்பைத்தொட்டி ஓரத்தில் கிடக்கும்: கால் உடைந்த ஸ்டூல், கீல் போன அலமாரி, கடற்காற்றில் வீங்கி இழுப்பறை திறக்காமல் போன மேசை. அக்கா அவற்றைத் தாண்டிப் போகவே மாட்டார். சைக்கிளை நிறுத்திக் குனிந்து தட்டிப் பார்ப்பார். "தூக்கிப் போடறவங்க ஒடஞ்ச கால மட்டுந்தான் பாக்கறாங்க. மீதி மூணு நல்லாத்தானே கீது?" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்கள் விடுதியில் இருந்தேன். அறையில் ஒரு கட்டில், ஒரு ஆணி. புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு நாள் அக்கா ஏதோ கையெழுத்துக்காக அறைக்கு வந்தார். நான் குப்புறப் படுத்துப் படிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை விடுதி வாசலில் ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தால், சைக்கிள் கேரியரில் தலைகீழாகக் கட்டிய ஒரு மேசை. அதன் மூன்று கால் தேக்கு, நாலாவது கால் கிரிக்கெட் ஸ்டம்பு. "இன்னா சிரிப்பு? அவுட் ஆவாத டேபிளு" என்று அக்கா விடுதிப் பெண்களை அதட்டினார். அந்த மேசையில்தான் நான் தேர்வுகளுக்குப் படித்தேன்.

இதனால் அவரைப் பெரிய தச்சுக் கலைஞர் என்று நினைத்துவிட வேண்டாம். அக்கா யாரிடமும் தொழில் கற்றவர் இல்லை. ஆர்வம் அதிகம், பொறுமை குறைவு. எதையும் கோணலாகத்தான் அறுப்பார். வெளியே தெரியாத பக்கத்துக்கு உப்புத்தாள் போடவே மாட்டார். "தெரியாத பக்கத்துக்கு எதுக்கு தேய்க்கணும்? அங்க இன்னா விருந்தாளியா வரப்போறாங்க?"

வார்னிஷ் விஷயத்தில் அவருடைய பொறுமையின்மை டவுன்ஷிப் முழுக்கப் பிரபலம். ஐப்பசி மழையில், அதுவும் கடலோரத்தில், வார்னிஷ் லேசில் காயாது. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாற்காலியை அக்கா நடுக்கூடத்தில் போட்ட அன்றைக்குத்தான் சபைக்குப் புதிதாக வந்த பாஸ்டர் வீட்டு ஜெபத்துக்கு வந்தார். வெள்ளை அங்கி போட்டிருந்தார். நீளமான ஜெபம். எங்கள் அலுவலகம், அதன் இயந்திரங்கள், கடலுக்குப் போனவர்கள் எல்லோரையும் ஆசீர்வதித்து, "ஆமென்" என்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. சமையலறை வாசலில் நின்றிருந்த அக்காவின் அப்பா மட்டும், "அதுக்குத்தான் நான் நாற்காலி பக்கமே போறதில்ல" என்றார். முதலில் சிரித்தது பாஸ்டர்தான்.

அக்காவின் அப்பா பெயர் யாக்கோபு. அக்கா அவரை நைனா என்று கூப்பிடுவார். அவர் சொன்னது வேடிக்கைக்கு அல்ல; மெய்யாகவே அவர் நாற்காலியில் உட்கார்வதில்லை. படாளம் பக்கத்தில் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். நிலத்துக்காரர் வீட்டில் அவருடைய இடம் முற்றத்துக்கு வெளியே. அவர் வயதில் பாதி இருப்பவர்கள் நாற்காலியில் இருந்து பேசுவார்கள். இவர் நின்று கேட்பார். மனைவி இறந்த பிறகு மகளோடு இருக்க டவுன்ஷிப்புக்கு வந்தார். பழக்கமும் கூடவே வந்தது. தனியாக இருந்தால் தரையில் உட்கார்ந்திருப்பார். பேன்ட் சட்டை போட்ட யார் வந்தாலும், நானே போனால்கூட, எழுந்து சமையலறை வாசலுக்குப் போய் நின்றுவிடுவார். நாங்கள் கிளம்பும்வரை நிற்பார். நின்றபடியே எல்லோரையும் சிரிக்கவைப்பார், அது வேறு.

ஒரு நாள் அக்கா கோபத்தோடு என்னிடம் சொன்னார்: "எங்க நைனா நிக்கறத பாத்துப் பாத்தே நான் வளந்தேன். என் வூட்லயும் அவரு நின்னுகினே இருந்தா, அப்பறம் இந்த வூடு எனக்கு எதுக்கு?"

அவர் பொறுக்கி வந்த நாற்காலிகள் எல்லாமே அப்பாவுக்காகத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முதலில் புதிதாக ஒரு சோபா வாங்கியிருக்கிறார்கள். நைனா அதன் பக்கமே போகவில்லை, அழுக்காகிவிடுமாம். புதிது என்றால் பயப்படுகிறார், யாருக்கும் வேண்டாம் என்று போட்டதாக இருந்தால் உட்காருவார் என்பது அக்காவின் கணக்கு. "குப்பைல கெடந்ததுல குந்துறதுக்கு யாரு பர்மிஷன் குடுக்கணும்?" என்று கேட்பார். நைனாவிடம் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு பதில் இருந்தது. ஒன்று ஆடுது. ஒன்று முதுகைக் குத்துது. ஒன்றில் உட்கார்ந்தால் தூக்கம் வருது. இன்னொன்றைப் பார்த்து, "இது கவர்மென்ட் நாற்காலி. குந்துனா கையெழுத்து கேப்பாங்க" என்றார். அதுவும் ஒருவகையில் உண்மை. அதன் முதுகில் ஏதோ அலுவலக எண் எழுதியிருந்தது.

தொண்ணூற்றெட்டா, தொண்ணூற்றொன்பதா நினைவில்லை, ஒரு போகி அன்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். "உங்களுக்குத்தான் போகி. எனக்கு அதுவும் ஒரு கிறிஸ்மஸ்" என்பார். பழையன எல்லாம் தெருவுக்கு வரும் நாள் அது. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறவர்களும் அதே நாளில் சாமான்களை வெளியே எடுத்து வைப்பார்கள். எது வேண்டாதது, எது வெயிலுக்கு வைத்தது என்று எப்படித் தெரியும்? அக்கா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்: "போத்தி வச்சது வூட்டுது. போத்தாம கெடக்கறது நம்பளுது."

பெரிய குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசியில், வேப்பமரத்தடியில், அந்தக் கைவைத்த நாற்காலி கிடந்தது. மேலே ஒன்றும் போர்த்தியிருக்கவில்லை. பிரம்புப் பின்னல் கிழிந்து தொங்கியது. மரம் கறுத்து, என்ன மரம் என்றே தெரியவில்லை. அக்கா நகத்தால் சுரண்டினார். "தேக்கு!" என்றார், ஏதோ இயேசுவின் இரண்டாம் வருகையை அறிவிப்பது போல. சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

மகாபலிபுரத்தில் சிற்பிகளுக்குச் சாமான் விற்கும் கடையிலிருந்து உப்புத்தாள் வந்தது. கறுப்பு போகப் போக மரம் தேன் நிறத்துக்கு வந்தது. வலது கைப்பிடியில் சுருட்டு சுட்டதுபோல் வட்டமாக ஒரு கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. பிரம்பு கிடைக்காததால், சதுரங்கப்பட்டினம் கடைத்தெருவில் கூடை பின்னும் ஒயர் வாங்கிப் பச்சையும் வெள்ளையுமாக அக்காவே இருக்கை பின்னினார். இந்த முறை வார்னிஷ் நன்றாகவே காய்ந்தது. நைனா சுற்றிவந்து பார்த்தார். தப்பிக்க வழி தேடுகிறார் என்று முகத்தில் தெரிந்தது.

"நல்லாத்தான் கீது. ஆனா கால் எட்டாது. தொங்கும். சின்னப் புள்ளைக்கு முடி வெட்ற மாதிரி கீது" என்றார்.

அக்கா அப்போதே ரம்பத்தை எடுத்தார். கவிழ்த்த நாற்காலியை நான் பிடித்துக்கொண்டேன். நாலு கால்களிலும் நாலு விரல் கடை உயரத்துக்கு அறுத்தார். நிமிர்த்தி வைத்தால் ஆடியது. ஒரு கால் நீளம் என்று அதில் ஒரு வில்லை எடுத்தார். இப்போது வேறு பக்கம் ஆடியது. எதிர்க்காலில் ஒரு வில்லை. திரும்பவும் ஆட்டம். அறுக்க அறுக்க நாற்காலி தரையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த செல்வராஜ் அண்ணன், "இன்னும் கொஞ்சம் அறு. அப்பறம் பாய் மாதிரி சுருட்டி வச்சிடலாம்" என்றார். அக்கா ரம்பத்தோடு திரும்பியதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கடைசியில் ஆட்டம் நின்றபோது அது நாற்காலியாக இல்லை. கைப்பிடியும் முதுகும் வைத்த மணைப்பலகை மாதிரி இருந்தது. அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. நைனா பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இது இன்னாம்மா, நாற்காலி குந்திகினு கீது!" என்று சொல்லி, கேலி செய்வதற்காகவே அதில் உட்கார்ந்து காட்டினார். காலை நீட்டினார். மடக்கினார். கையைக் கைப்பிடியில் வைத்துப் பார்த்தார். நாங்கள் அவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்தோம்.

"எஸ்தரு, டீ போட்டா இங்கியே குடு" என்றார்.

அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்கும் தெரிந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நைனாவுக்கு அதுதான் இடம். பால்காரரிடம் அதிலிருந்தே பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது பாதி எழுந்து, யோசித்து, திரும்பவும் உட்கார்ந்தார். அக்கா அதை அலுவலகத்தில் என்னிடம் நடித்தே காட்டினார்.

இப்படிச் சில வாரங்கள் போயிருக்கும். கூட்டுறவுக் கடை வரிசையில் எங்களுக்கு முன்னால் சங்கரலிங்கம் சாரின் மனைவி நின்றிருந்தார். சார் எங்கள் பிரிவுத் தலைவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்த அம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க மாமனார் உட்காந்த சேரு. வெள்ளையடிக்கதுக்காக வேப்பமரத்தடில வச்சேன். மேல பழைய சேலையப் போத்தித்தான் வச்சேன். சேலை காத்துல பறந்து வேலில கெடக்கு. சேரைக் காணும்! எவன் தூக்கிட்டுப் போனானோ!"

அக்காவின் கையிலிருந்த தக்காளி கீழே விழுந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். "தங்கச்சி, பேஜாராயிடுச்சி."

திருப்பிக் கொடுத்துவிடலாம்தான். எதைக் கொடுப்பது? கால் போய்விட்டது. பிரம்பு போய்ப் பச்சை ஒயர் வந்துவிட்டது. சார் எங்கள் மேலதிகாரி. அவரிடம் போய் உங்கள் அப்பாவின் நாற்காலியை நான்தான் எடுத்தேன், அறுத்தும் விட்டேன் என்று எப்படிச் சொல்வது? எல்லாவற்றையும்விட, வாழ்நாளில் முதல்முறையாக உட்கார்ந்திருக்கிற மனிதரை எழுப்பி, அது வேறொருவருடையது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் அவர் எந்த நாற்காலியிலும் உட்கார மாட்டார். அக்கா அன்று முழுக்கத் தட்டச்சில் பிழை செய்தார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு முடிவுக்கு வந்தார். "சொல்லித்தான் ஆவணும். திருட்டுச் சாமான்ல குந்தவச்சா, அது குந்துனதா ஆவாது."

அலுவலகத்தில் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று சாரைக் கூப்பிட்டார். துணைக்கு என்னையும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சார் வந்தார். அவரைப் பார்த்ததும் நைனா சட்டென்று எழுந்து சமையலறை வாசலுக்குப் போய்விட்டார். பழைய இடம், பழைய நிற்பு. அக்காவின் முகம் விழுந்துவிட்டது. "சார், சோபால உக்காருங்க" என்றார். சார் கேட்கவில்லை. அவர் கண் குட்டை நாற்காலியில் இருந்தது. மெதுவாகப் போய் அதில் உட்கார்ந்தார். உயரமான மனிதர், முழங்கால் முகவாய் வரை வந்தது. வலது கட்டைவிரல் தானாகவே போய் அந்தச் சுருட்டுக் கறையின் மேல் நின்றது. கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். அக்கா, "சார், அது வந்து…" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் வாசலிலிருந்து நைனாவின் குரல் வந்தது. "சார், தப்பா நெனைக்காதீங்க. அது என் நாற்காலி."

அவர் அப்படி ஒரு வாக்கியத்தை அதற்கு முன் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். சொல்லிவிட்டு அவரே பயந்துபோனதுபோல் நின்றார். சார் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"அப்படியா? மன்னிச்சிருங்க பெரியவரே, தெரியாம உட்காந்துட்டேன்" என்று எழுந்திருக்கப் பார்த்தார். அவ்வளவு தாழ்விலிருந்து எழ முடியவில்லை. நைனா வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டார். சார் சோபாவுக்குப் போனார். நைனா நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, "எஸ்தரு, சாருக்கு இன்னா குடுக்கப் போற?" என்று கேட்டார். அதன் பிறகு இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். மீன் குழம்பு நன்றாக இருந்ததாகச் சார் சொன்னார். எனக்கும் அக்காவுக்கும் என்ன சாப்பிட்டோம் என்றே தெரியவில்லை.

கேட் வரைக்கும் வழியனுப்பப் போனபோது அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். சார் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "எங்கப்பா சேருக்குக் கால் நீளம்மா" என்றார். "இது அது இல்ல." ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த போகிக்கு அவர் மனைவி ஆள் மூலமாக ஒரு ஸ்டூலை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு செய்தி: "இது நெசமாவே வேண்டாதது."

இப்போது அக்காவை அடக்கம் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். தெருவில் பந்தல், வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே அக்காவின் பெட்டிக்குப் பக்கத்தில், அவர் பின்னிய பச்சை ஒயர் இருக்கையில், நைனா உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தின் பெரிய அதிகாரிகள் வந்தார்கள். சபையிலிருந்து வந்தார்கள். படாளத்திலிருந்து, அவர் ஒரு காலத்தில் யார் முன்னால் நின்றாரோ அந்த வீட்டுப் பையன்கூட வந்திருந்தார். நைனா கையைக் கொடுத்தார், தலையை அசைத்தார். யாருக்காகவும் எழுந்திருக்கவில்லை.

ஓய்வு பெற்றுத் தாம்பரத்தில் இருக்கும் சங்கரலிங்கம் சாரும் வந்தார். அவர் எதிரில் நின்றபோது நைனா நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுதுன்னு எஸ்தரு அப்பால சொல்லிட்டா சார். எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் எழுந்துக்கல."

"எழுந்திருக்காதீங்க" என்றார் சார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். ஒருவர் உயரத்தில், ஒருவர் தாழ்வில். பெட்டியை எடுக்கும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

நான் செங்கல்பட்டுக்கு வீடு மாறியபோது, ஏரி நிரம்பினால் தண்ணீர் வாசலுக்கு வரும், புத்தகத்தைத் தரையோடு வைக்காதே என்று அக்கா ஒரு துணிப்பை கொடுத்தார். அதில் நாலு தேக்குத் துண்டுகள். அன்று அறுத்த கால்கள். அவற்றை என் புத்தக அலமாரிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒரு மழைக்கு மெய்யாகவே தண்ணீர் உள்ளே வந்தது. அடித்தட்டுப் புத்தகம் ஒன்றுகூட நனையவில்லை. துண்டுகளின் மேல்பக்கம் வழவழவென்று பாலிஷ். அறுத்த பக்கம் சொரசொரப்பாக, கோணலாக, உப்புத்தாள் படாமல் இருக்கிறது. நாலில் ஒன்று குட்டை. அதற்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். ஆனாலும் கனமான புத்தகத்தை உருவினால் அலமாரி லேசாக ஆடும்.

தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள் என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் கூப்பிடப் போவதில்லை. அந்த ஆட்டத்தோடு அது இருக்கட்டும்.